வாசிப்பவர் வேண்டாம் என்று சொன்னால்

பாரிஸில் பொம்பிடு மையத்தை அடுத்து, சென் மெரி தேவாலயத்தின் பக்கச்சுவரை ஒட்டி, ஸ்ட்ராவின்ஸ்கியின் பெயர் தாங்கிய சதுக்கம் ஒன்று உண்டு. அங்குள்ள நீரூற்றில் ழான் டாங்கெலி செய்த கறுப்பு இரும்பு இயந்திரங்களும் நிக்கி த சென்ஃபால் செய்த வண்ண உருவங்களும் சுழன்று நீர் பீய்ச்சுகின்றன. வருகிறவர்கள் படமெடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். அவர்கள் நின்ற கல்தளத்துக்கு அடியில்தான் இர்காம் என்ற இசை ஆய்வு நிறுவனத்தின் பெரும்பகுதி இருக்கிறது. தெருவிலிருந்து பார்த்தால் ரென்ஸோ பியானோ பின்னாளில் எழுப்பிய செங்கல் கோபுரம் மட்டும் தெரியும். 1970இல் அன்றைய பிரெஞ்சு அதிபர் ழார்ழ் பொம்பிடுவின் அழைப்பை ஏற்று இசையமைப்பாளர் பியர் பூலேஸ் திட்டமிட்ட இந்த நிறுவனம் 1977இல் திறக்கப்பட்டது. இங்கே தொடங்கி ஆம்ஸ்டர்டாம், டென்மார்க்கின் ஆர்ஹூஸ், லண்டன் என்று போகும் வழியை நான் தேர்ந்தெடுத்தது ஒரு கேள்விக்காக. கணினியோடு மேடையேறும் இசைக்கலைஞருக்கு, அந்தக் கணினிக் கருவி உருவாகும்போது என்ன அதிகாரம் இருந்தது? கருத்துச் சொல்லக் கூப்பிட்டார்கள் என்பது போதாது என்பதே என் வாதம். இது வேண்டாம் என்று மறுக்கவும், தந்ததை மாற்றவும், பிறகு பழுதுபார்க்கவும் அவருக்கு உரிமை இருந்தால்தான் அதைப் பங்கேற்பு வடிவமைப்பு என்று அழைக்கலாம்.

இர்காமின் பெருமைக்குரிய படைப்பாகச் சொல்லப்படுவது பூலேஸின் 'ரெபோன்'. 1981இல் ஜெர்மனியின் டோனாவெஷிங்கனில் முதலில் அரங்கேறியது. நடுவில் 24 பேர் கொண்ட குழு, அவர்களைச் சுற்றிக் கேட்பவர்கள், அதற்கும் வெளியே சுவரோரம் ஆறு தனிக்கலைஞர்கள். அந்த ஆறு பேரின் நாதத்தை மட்டும் '4எக்ஸ்' என்ற டிஜிட்டல் இயந்திரம் வாங்கி உருமாற்றி அரங்கெங்கும் சுழலவிட்டது. இத்தாலிய இயற்பியலாளர் ஜுசெப்பே டி ஜூன்யோ வடிவமைத்த இயந்திரம் அது. கேட்டால் இன்றும் மெய்சிலிர்க்கிறது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த ஒலி பிறந்த கூடத்தில் யார் யாருக்கு என்ன இடம் என்பதை மானுடவியலாளர் ஜார்ஜினா பார்ன் 1984இல் அங்கேயே தங்கிக் கவனித்து, 1995இல் ஒரு நூலாக வெளியிட்டார். பார்ன் செல்லோவும் பேஸ் கித்தாரும் வாசித்தவர் என்பதால் அவர் கண்ணுக்குச் சில விஷயங்கள் தப்பவில்லை. இசையமைப்பாளருக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் நின்று உண்மையில் வேலையை நடத்திக்கொடுத்தவர்கள் 'ட்யூட்டர்' எனப்பட்ட உதவியாளர்கள். இயந்திரத்தின் சூட்சுமம் அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் மரியாதையிலும் பணியின் நிலைத்தன்மையிலும் அவர்கள் கீழே இருந்தார்கள். வாசிப்பவர்களோ இன்னும் தள்ளி இருந்தார்கள். கருவி முடிந்த பிறகு ஒத்திகைக்கு வருகிறவர்கள் அவர்கள்.

இதே கூடத்தில் நேர்மாறாக ஒன்றும் நடந்தது. என் வாதத்துக்கு அதுவே முதல் சான்று. அந்தக் காலத்தில் கருவியும் மின்னணு ஒலியும் சேர வேண்டுமென்றால் பெரும்பாலும் வழி ஒன்றுதான்: ஒலிநாடாவை ஓடவிட்டு அதற்கு ஈடுகொடுத்து வாசிப்பது. நாடா நிற்காது, மூச்சு வாங்காது. பாடகரின் முகத்தைப் பார்க்காமல் தன் போக்கில் போகும் பக்கவாத்தியக்காரரோடு கச்சேரி செய்வதைப் போன்ற வேதனை அது. பூலேஸின் குழுவில் புல்லாங்குழல் வாசித்த கனடாக்காரர் லாரன்ஸ் போர்கார் இந்த நிலையை மாற்ற விரும்பினார். தன் குழலின் சாவிகளில் சென்சார்கள் பொருத்தி, எந்தச் சுரம் வாசிக்கப்படுகிறது என்பதைக் கணினிக்குத் தெரிவிக்கும் வேலையில் இறங்கினார். அமெரிக்காவிலிருந்து வந்திருந்த பாரி வெர்கோ அவரோடு சேர்ந்து, வாசிப்பவர் வேகத்தைக் கூட்டினால் கூடவும் குறைத்தால் குறையவும் செய்யும் மென்பொருளை எழுதினார். கணினி இசைப்பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு கலைஞரைப் பின்தொடரும் நுட்பத்துக்கு இதுவே ஆரம்பங்களில் ஒன்று. போர்கார் 1985இல் இளம் வயதிலேயே இறந்துபோனார். அவர் தொடங்கிவைத்த வழியில் ஃபிலிப் மனூரி 1987இல் 'ஜூப்பிடர்' என்ற குழல் படைப்பை எழுதினார். மனூரியின் படைப்புகளுக்காக மில்லர் பக்கெட் எழுதிய மென்பொருள்தான் பிறகு 'மேக்ஸ்' என்ற பெயரில் உலகமெங்கும் பரவியது. 4எக்ஸ் இயந்திரம் சில ஆண்டுகளில் வழக்கொழிந்தது. பக்கெட் 1990களின் நடுவில் 'ப்யூர் டேட்டா' என்ற கட்டற்ற மென்பொருளை வெளியிட்டு, அந்தப் பழைய படைப்புகளை அதற்கு மாற்றி எழுதினார். அதனால் இன்று ஒரு சாதாரண மடிக்கணினியில் அவற்றை வாசிக்க முடிகிறது. கோடிக்கணக்கில் செலவழித்த இயந்திரம் போய்விட்டது. நாடாவின் பின்னால் ஓட மறுத்த ஒரு குழல் கலைஞரின் தேவையிலிருந்து பிறந்த நுட்பம் நிற்கிறது.

பாரிஸின் வடக்கு ரயில் நிலையத்திலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு அதிவேக ரயிலில் சில மணி நேரம்தான். வயல்கள், பிரஸ்ஸல்ஸ், ராட்டர்டாம் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் எல்லாம் சட்டென்று கடந்துவிடுகின்றன. ஆம்ஸ்டர்டாமில் 1969இல் தொடங்கப்பட்ட ஸ்டைம் என்ற கூடம் இர்காமுக்கு எல்லாவகையிலும் எதிர்த் துருவம். இதன் பின்னணியைப் புரிந்துகொள்ள முதலில் அருங்காட்சியகத் திடலின் கோடியில் நிற்கும் கன்சர்ட்கபாவ் அரங்கைப் பார்க்க வேண்டும். 1969 நவம்பரில் லூயி ஆந்த்ரீசன், மிஷா மெங்கல்பெர்க், பீட்டர் ஷாட் முதலிய இளம் இசையமைப்பாளர்களும் அவர்களின் தோழர்களும் அங்கே ஒரு கச்சேரியின் நடுவே சத்தமெழுப்பி நிகழ்ச்சியை நிறுத்தினார்கள். அரசுப் பணத்தில் இயங்கும் இசைக்குழு என்ன வாசிப்பது என்பதை யார் தீர்மானிப்பது என்று பகிரங்க விவாதம் கேட்டார்கள். அந்த வட்டத்தைச் சேர்ந்தவர்கள்தான் ஸ்டைமை நிறுவியவர்கள். தீர்மானிக்கும் அதிகாரம் பற்றிய அரசியலும் மின்னணு இசையும் இங்கே ஒரே ஆண்டில், ஒரே கைகளில் பிறந்தன. 1980களின் தொடக்கத்திலிருந்து 2008இல் இறக்கும்வரை இதை நடத்திய மிஷேல் வைஸ்விஸ், தொடாமல் இசை இல்லை என்பதில் உறுதியாக இருந்தார். அவருடைய 'கிராக்கிள் பெட்டி'யில் உலோகத் தகடுகள் இருக்கும். விரல் பட்டால் உடலே மின்சுற்றின் ஒரு பகுதியாகி ஒலி கிளம்பும். 1984இல் 'கைகள்' என்ற கருவியை உருவாக்கினார். இரண்டு கைகளிலும் மாட்டிக்கொள்ளும் சட்டங்களில் விசைகளும், இரண்டு கைகளுக்கும் இடையிலான தூரத்தை மீயொலியால் அளக்கும் சென்சாரும் உண்டு. அடுத்து அவர் செய்ததுதான் முக்கியம். வன்பொருளைத் திருத்திக்கொண்டே இருப்பதை நிறுத்திவிட்டு, இருப்பதை வைத்துச் சாதகம் செய்யத் தொடங்கினார். மேம்படுத்தலை ஒத்திவைக்கும் அந்த முடிவை ஒரு பொறியாளர் எடுத்திருக்கமாட்டார். வாசிப்பவரால்தான் எடுக்க முடியும். ஸ்டைம் 2020களின் தொடக்கத்தில் மூடப்பட்டது. அதன் இடத்தை வேறு எதுவும் நிரப்பவில்லை என்றே நினைக்கிறேன்.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு எழும். பெரிய கருவிகளெல்லாம் தனி மனிதர்களின் கண்டுபிடிப்பு அல்லவா, குழு போட்டா வீணை செய்தார்கள்? வரலாற்றைச் சற்று நெருங்கிப் பார்த்தால் தனி மனிதர் என்று சொல்லப்படுகிறவரின் பக்கத்தில் ஒரு வாசிப்பவர் நிற்பது தெரியும். ரஷ்யரான லெவ் தெரமின் காற்றில் கையசைத்து வாசிக்கும் கருவியைக் கண்டுபிடித்தார். ஆனால் வயலின் பயின்ற கிளாரா ராக்மோர் கேட்ட பிறகுதான் அதன் சுரவீச்சு மூன்று ஸ்தாயியிலிருந்து ஐந்தாக விரிந்தது, ஒலியளவு விரலசைவுக்கு உடனுக்குடன் பதில் சொல்லத் தொடங்கியது. அதற்குப் பின்னரே அது வேடிக்கைப் பொருள் என்ற நிலையைத் தாண்டியது. ராபர்ட் மூக் 1964இல் தன் சிந்தசைசரை உருவாக்கியபோது இசையமைப்பாளர் ஹெர்பர்ட் டாய்ச் கூடவே இருந்தார். அதே காலத்தில் சான்பிரான்சிஸ்கோவில் மார்ட்டன் சுபாட்னிக்கும் ரமோன் செண்டரும் டான் புக்லாவிடம் ஒரு கருவி கேட்டார்கள். கறுப்பு வெள்ளைக் கட்டைகள் வைத்தால் விரல்கள் பழைய இசைக்கே போகும் என்பதால் பியானோக் கட்டைகள் வேண்டாம் என்பது அவர்கள் நிலை. அந்த மறுப்பிலிருந்துதான் புக்லாவின் தொடுதகடுகள் பிறந்தன. நம் கச்சேரி மேடைகளில் தம்புராவின் பக்கத்திலோ அதற்குப் பதிலாகவோ வந்து உட்கார்ந்த எலெக்ட்ரானிக் ஸ்ருதிப்பெட்டியும் இதற்கு விலக்கல்ல. 1970களின் இறுதியில் பெங்களூரில் அதை உருவாக்கிய ஜி. ராஜ் நாராயண் பொறியாளர், புல்லாங்குழல் கலைஞர் இரண்டுமே. ஸ்ருதி எங்கே நிற்க வேண்டும் என்று அவர் பொறியாளரிடம் போய்க் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஹாம்பர்க் வழியாக யுட்லாந்து தீபகற்பத்தில் வடக்கே ஏறினால் ஆர்ஹூஸ். கடலோரத் துறைமுக நகரம். மேட்டில் மஞ்சள் செங்கற்களால் கட்டிய பல்கலைக்கழகம், கட்டடங்களுக்கு நடுவே குளத்தை நோக்கிச் சரியும் புல்வெளி. இசையைத் தேடி இங்கே வருகிறவர்கள் குறைவு. ஆனால் பங்கேற்பு வடிவமைப்பு என்ற சிந்தனை வளர்ந்த ஊர்களில் இது முதன்மையானது. அது இசைக்கூடத்தில் அல்ல, தொழிற்சாலையில் பிறந்தது. 1970களின் தொடக்கத்தில் நார்வேயில் கணினி அறிஞர் கிறிஸ்டன் நீகார்ட் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து வேலை செய்தார். 'சிமுலா' நிரல்மொழியை ஒல்-யோஹான் டாலோடு உருவாக்கியவர் அவர். அந்தத் திட்டத்தின் விளைவு எது என்பதற்கு அவர்கள் வைத்த வரையறை அசாதாரணமானது: ஆய்வாளர்கள் எழுதும் அறிக்கை விளைவு அல்ல, சங்கம் எடுக்கும் நடவடிக்கையே விளைவு. அதிலிருந்து தரவு ஒப்பந்தங்கள் வந்தன. கணினி வருமுன் தொழிலாளருக்குத் தெரிவிக்க வேண்டும், அவர்கள் பிரதிநிதி ஒருவர் அதில் ஈடுபட வேண்டும் என்பவை எழுத்தில் ஏறின. 1977இல் நார்வேயின் பணிச்சூழல் சட்டமே அந்த உரிமையை ஏற்றது. 1981இல் டென்மார்க், ஸ்வீடன் ஆய்வாளர்கள் நார்டிக் அச்சுத் தொழிலாளர் சங்கத்தோடு 'யுடோப்பியா' திட்டத்தைத் தொடங்கினார்கள். பெல்லே என், சுசானே போட்கர், மார்ட்டன் க்யுங் ஆகியோர் அதில் இருந்தார்கள். செய்தித்தாள் பக்கம் கட்டும் கைதேர்ந்த தொழிலாளர்களிடம் வரைபடத்தையும் தொழில்நுட்பப் பட்டியலையும் நீட்டினால் பேச்சு நகரவில்லை. அப்போது ஆய்வாளர்கள் அட்டைப்பெட்டிகளை வைத்துப் பொய்க் கணினி செய்தார்கள். காலி அட்டைப்பெட்டி ஒன்றின் மேல் லேசர் பிரிண்டர் என்று எழுதி மேசையில் வைத்தார்கள்; அப்படி ஒன்று அன்று எந்த அலுவலக மேசையிலும் இல்லை. தொழிலாளர்கள் தங்கள் வழக்கமான வேலையை அந்தப் பெட்டிகளோடு செய்துகாட்டினார்கள். கை எங்கே தடுக்கியது, எதைப் பார்க்க முடியவில்லை என்பதெல்லாம் அப்போதுதான் வெளிவந்தது.

பயனர்கள் தெரிந்ததைத்தான் கேட்பார்கள், புதியதைக் கற்பனை செய்ய மாட்டார்கள் என்ற மறுப்புக்கு இந்த அட்டைப்பெட்டி பதில் சொல்லிவிடுகிறது. இல்லாத கருவியை வார்த்தையில் கேட்டால் யாருக்குமே கற்பனை வராது. கையில் ஏதாவது கொடுத்தால் கை யோசிக்கும். இசைக்கலைஞருக்கு இது இன்னும் பொருந்தும். அவருடைய அறிவில் பெரும்பங்கு விரலிலும் மூச்சிலும் இருக்கிறது, கேள்வித்தாளில் அதை நிரப்ப முடியாது. கடினமான மறுப்பு இன்னொன்று: யுடோப்பியா தோற்றுவிட்டதே? உண்மைதான். அந்தத் திட்டத்தின் வழியே உருவான பக்கக்கட்டு அமைப்பு சந்தையில் நிலைக்கவில்லை. 1985க்குப் பின் மேசைக்கணினிப் பதிப்பு வந்து, அந்தத் தொழிலாளர்களின் கைவேலையையே துடைத்துவிட்டது. பங்கேற்பு ஒரு தொழிலைக் காப்பாற்றும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பங்கேற்பு இல்லாமல் வெற்றி பெற்ற வடிவமைப்புக்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையைத் தமிழ் வாசகர் எளிதில் கணக்கிடலாம். 1983 ஜனவரியில் கலிபோர்னியாவின் அனஹைமில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் சிந்தசைசர்களை ஒரு கம்பியால் இணைத்து ஒன்றை வாசித்தால் மற்றதும் ஒலிப்பதைக் காட்டினார்கள். மிடி என்ற அந்த நெறிமுறை உலகை வென்றது. ஆனால் அதை வகுத்த மேசையில் இருந்தவர்கள் கட்டைக் கருவி செய்யும் அமெரிக்க, ஜப்பானிய நிறுவனத்தார். அதனால் அதற்கு இசை என்றால் ஒரு கட்டை அழுத்தப்பட்டது, பிறகு விடப்பட்டது, மொத்தம் 128 சுர எண்கள். சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவில் நடப்பதற்குத் தனியாக ஒரு வளைப்புக் கட்டளை உண்டு. அதுவும் ஒரு தடத்தில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களையும் ஒன்றாக வளைக்கும். வீணையில் காந்தாரத்தை ஆட்டும்போது சுரம் என்பதே அந்த அசைவுதான். மிடிக்கு அது பின்னிணைப்பு. ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே வளைக்கும் விரிவாக்கம் அதிகாரபூர்வமாக ஏற்கப்பட 2018 ஆயிற்று. 35 ஆண்டுகள். இதற்கு யாருடைய தீய எண்ணமும் காரணமல்ல. நழுவும் சுரத்தில் வாழ்கிறவர் ஒருவரும் அந்த மேசையில் இல்லை, அவ்வளவே. விற்பனையை வைத்து இதை மறுப்பவர்களுக்கு அதே 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 ஒரு சான்றாகத் தோன்றலாம். ஒரு லட்சத்துக்கும் மேல் விற்றது. அதன் ஒலியைத் தாமே அமைப்பது மிகக் கடினமாக இருந்ததால் பெரும்பாலானோர் தொழிற்சாலை வைத்துத் தந்த ஒலிகளையே பயன்படுத்தினார்கள் என்பதும், அதே மின்பியானோ ஒலி அந்தப் பத்தாண்டின் பாடல்களில் திரும்பத் திரும்பக் கேட்டது என்பதும் அந்த வெற்றியோடு சேர்ந்த கதை.

கடைசி ஊர் லண்டன். நகரின் கிழக்கே மைல் எண்ட் சாலையில் குயின் மேரி பல்கலைக்கழகம். பின்புறம் ரீஜண்ட் கால்வாய் ஓடுகிறது. ஆண்ட்ரூ மெக்பெர்சனும் விக்டர் ஸாப்பியும் இங்கே செய்த 'டி-பாக்ஸ்' ஒரு சிறிய மரப்பெட்டி. உள்ளே இருக்கும் மின்சுற்றின் ஒரு பகுதியை வேண்டுமென்றே திறந்து வைத்திருந்தார்கள். கலைஞர்கள் கம்பிகளைப் பிடுங்கி மாற்றிச் செருகலாம், வடிவமைத்தவர் நினைக்காத ஒலிக்குக் கொண்டுபோகலாம். மாற்றும் உரிமையைக் கருவியின் உடம்பிலேயே எழுதிவைத்த முயற்சி அது. இதே நகரத்தில் இந்த விஷயம் இன்னும் அவசரமாக உள்ள இடம் ஒன்றுண்டு: உடற்குறை உள்ள இசைக்கலைஞர்கள். விரல் பலம் வேண்டும் என்று கருதிச் செய்யப்பட்ட கித்தார் ஒருவரை இசையிலிருந்தே வெளியேற்றிவிடுகிறது. டிரேக் மியூசிக் என்ற அமைப்பு பாடகர் ஜான் கெல்லியோடு சேர்ந்து 'கெல்லிகாஸ்டர்' கித்தாரை உருவாக்கியது. தந்தியை அவர் கையால் மீட்டுகிறார். கழுத்துப் பகுதியில் அழுத்த வேண்டிய சேர்சுரங்களை டிஜிட்டல் முறை பார்த்துக்கொள்கிறது. தந்தியே வேண்டாம், ஒரு திரையைத் தொட்டால் கித்தார் ஒலி வரும் என்று முடித்திருந்தால் வேலை எளிது. மீட்டும் உணர்வை விட்டுக்கொடுக்காததால்தான் அது கித்தாராக நின்றது. விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்த டிரம்பெட் கலைஞர் கிளாரன்ஸ் அடூவுக்காக ரோல்ஃப் கேல்ஹார் வடிவமைத்த 'ஹெட்ஸ்பேஸ்' தலையசைவாலும் மூச்சாலும் இயங்குகிறது. ஊதுகருவிக் கலைஞரிடம் எஞ்சியிருந்த மிகப் பெரிய சொத்து மூச்சைக் கையாளும் நுண்மை. கருவி அதன் மேல் கட்டப்பட்டது.

ஒருவருக்காகச் செய்த கருவியால் ஊருக்கு என்ன பயன் என்று கேட்பார்கள். கேள்வியில் நியாயம் உண்டு: இசைக்கருவிக்கு மரபு வேண்டும், குரு வேண்டும், படைப்புகள் வேண்டும்; ஒரே ஒருவரிடம் இருக்கும் கருவிக்கு இவை சேர்வது கடினம். ஆனால் ஒருவருக்காகத் தொடங்கியது ஒருவரோடு நின்றுவிடுவதில்லை. இசையமைப்பாளர் பாலின் ஒலிவேராஸ் அமெரிக்காவில் மிகக் குறைந்த உடலசைவே உள்ள குழந்தைகளுக்காகத் தொடங்கிய மென்பொருள், கேமரா முன் ஒரு தலைச்சாய்வையே இசையாக்குகிறது. இன்று அது இலவசமாக எவருக்கும் கிடைக்கிறது, உடல் வலுவுள்ளவர்களும் சேர்ந்து வாசிக்கிறார்கள். பொதுவான கருவி என்று சொல்லிச் செய்தவற்றின் கதி என்ன என்பதையும் பார்க்க வேண்டும். 2001இல் சியாட்டிலில் ஒரு பட்டறையாகத் தொடங்கி ஆண்டுதோறும் நடக்கும் 'நைம்' மாநாட்டில் புதிய டிஜிட்டல் கருவிகள் குவிகின்றன. 2010 முதல் 2014 வரை அங்கே அறிமுகமானவை பிறகு என்னவாயின என்று ஃபாபியோ மொரேயாலேவும் மெக்பெர்சனும் ஆராய்ந்து 2017இல் எழுதினார்கள். பல கருவிகள் கட்டுரையைத் தாண்டி மேடையில் வாழவில்லை. ஆய்வு நிதி இரண்டு மூன்று ஆண்டுக்குக் கிடைக்கிறது, ஒரு கருவியில் கைபழக அதைவிட அதிகமாகும். நிதி முடிந்ததும் சென்சார் ஒன்று பழுதானால் அதைத் திறக்கத் தெரிந்தவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். வாசித்தவர் நாலு வருடச் சாதகத்தோடு தனியே நிற்பார். ஆகவே வடிவமைப்பு நடக்கும் நாட்களில் கலைஞரை அழைப்பது ஒரு பாதிதான். மின்சுற்று வரைபடம், மென்பொருள், உதிரிப் பாகங்களின் பட்டியல் ஆகியவை வாசிப்பவர் கைக்கு வரும் என்பதையும், அவர் ஒப்பாத மாற்றத்தைக் கருவியில் செய்ய முடியாது என்பதையும் நிதி தருகிறவரும் ஆய்வுக்கூடமும் கலைஞரும் கையெழுத்திடும் தாளில் முதல் நாளே எழுத வேண்டும். உலோகத் தொழிலாளர்கள் 1970களில் தங்கள் பட்டறைக் கணினிக்காக ஒப்பந்தம் கேட்டு வாங்கினார்கள். இசைக் கல்லூரிகளும் சபாக்களும் கலைஞர் சங்கங்களும் அப்படியொரு தாளைக் கேட்கத் தொடங்கவில்லை.